டேப் ஒட்டாத வண்டி

வண்டி நனைந்திருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த பிறகுதான் வெள்ளை தெரிந்தது.

ரசாக் பாய் காரைத் தகரக் கொட்டகைக்குள் விட்டு இறங்கினார். கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர். திருப்பூரிலிருந்து பனியன் வேஸ்ட் எடுத்து ஒர்க்ஷாப்புகளுக்கு எடை போட்டு விற்பவர். இந்தக் கொட்டகையில் வண்டி துடைக்கிற துணியும் அவர் கொடுத்ததுதான். கொட்டகைக்காரன் ஜெரோம் இல்லையா என்று கேட்டார். பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்று அவன் மனைவி அன்புச்செல்வி சொன்னாள். பக்கத்து வீட்டுக் கண்ணையாவுக்கு அடிபட்டுக் கிடக்கிறது, ரத்தம் கொடுக்கப் போயிருக்கிறார் என்றாள்.

"நல்ல மனுசன்" என்றார் பாய். பிறகு தயங்கினார். "கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. குறை சொல்ல வரலீங்க. நீங்களே பாருங்க."

அவள் குனிந்து பார்த்தாள். வெள்ளைக் காரின் பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் பம்பரின் அடியிலும் சக்கரத்துக்கு மேலே வளைந்து போகும் கறுப்பு பிளாஸ்டிக்கிலும் சாம்பல் பூத்திருந்தது. மெழுகு.

"எங்க நஸ்ரியா கேலி பண்ணுது. அத்தா, உங்க கார் பல்லு வெளக்கிட்டு வாய் கொப்புளிக்காம வந்துருச்சுன்னு" என்றார். நாளை மறுநாள் அந்த நஸ்ரியாவுக்குத்தான் நிக்காஹ். நாளைக்கு இந்த வண்டியில்தான் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் போக வேண்டும். வியாழக்கிழமை வண்டியை எடுத்துப் போனபோது மழை. விடாமல் பெய்து நேற்றுத்தான் வெயில் வந்தது. வெயில் வந்ததும் வெள்ளையும் வந்துவிட்டது.

புறப்படும்போது இன்னொன்றும் சொன்னார். சூலூர் முக்கில் போலீஸ் நிறுத்தி வண்டியைச் சுற்றிப் பார்த்தார்களாம். வெள்ளை வண்டியை எல்லாம் நிறுத்துகிறார்களாம். கண்ணையாவுக்கு அடிபட்ட அன்றைக்கு மழையில் ஒரு வெள்ளைக் கார் வேகமாகப் போனதை யாரோ பார்த்ததாகப் பேச்சு.

"நா கல்யாண ஊட்டுக்காரனுங்க, உட்டுருங்கன்னேன். சிரிச்சுட்டு உட்டுட்டாங்க" என்று அவரும் சிரித்தார். பத்திரிகை வைக்க இரண்டு வீடு பாக்கி, மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று நடந்து போனார்.

கொட்டகைக்குப் பின்னால்தான் வீடு. இரண்டு பக்கமும் தறிக்குடோன்கள். காலையிலிருந்து இரவுவரை தறிச்சத்தம் ஓயாது. நின்றால்தான் காது கேட்பதுபோல இருக்கும். அன்புச்செல்வியின் அப்பனும் ஆத்தாளும் கோபிப் பக்கம் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அவளுக்கும் நாளெல்லாம் தண்ணீரில்தான் கை. சேறு மட்டும் இல்லை.

அவள் முக்காலியைச் சக்கரத்தின் அருகே போட்டு உட்கார்ந்தாள்.

மெழுகு பெயின்டில் நிற்காது, துடைத்தால் வந்துவிடும். பிளாஸ்டிக் அப்படி அல்ல. கோழித்தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். பள்ளத்தில் இறங்கிய மெழுகு அங்கேயே காய்ந்துகொள்ளும். துணியால் தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். முதலில் அழிரப்பர். மகள் நேஹாவின் பென்சில் டப்பாவிலிருந்து எடுத்து வந்திருந்தாள். மேலாக இருக்கிற வெள்ளை ரப்பரோடு உருண்டு விழும். பிறகு வெந்நீரில் சோப்புப் போட்டுப் பழைய பல் பிரஷ். அதற்கும் வராததைத் தலை காயவைக்கிற மெஷினால் சூடு காட்ட வேண்டும். மெழுகு இளகிக் கண்ணீர் மாதிரி கசியும். அப்போது துணியை ஒற்றி எடுக்க வேண்டும். இழுக்கக் கூடாது.

இதெல்லாம் ஜெரோம் சொல்லிக் கொடுத்தது. ஆனால் அவன் பூசிய வண்டிக்கு இந்த வேலை வந்ததே இல்லை. பாலிஷ் போடும் முன்னால் கறுப்பு பிளாஸ்டிக் முழுவதும் மஞ்சள் டேப் ஒட்டிவிடுவான். பல்லால் கடித்துக் கிழித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் நீவி, ஒரு மயிரிழை விடாமல் ஒட்டுவான். அதற்கே அரைநாள் ஆகும். "மாப்பிள்ளைக்குப் பட்டுவேட்டி கட்டறாப்பல இருக்குது" என்று அவள் சிரிப்பாள். அவன் சிரிக்க மாட்டான். கை பிசகாதவன் கூட டேப் ஒட்ட வேண்டும் என்பான்.

இந்த வண்டிக்கு டேப் ஒட்டவில்லை.

மெழுகும் அவன் கை மாதிரி இல்லை. அவன் நேர்க்கோடாக இழுப்பான். இது வட்டம் வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, கண் தெரியாதவன் தடவியது போல இருந்தது. வேறு யாரோ பூசியிருப்பார்கள் என்று நினைத்தாள். வேறு யாரும் இந்தக் கொட்டகையில் கிடையாது.

வலப்பக்கச் சக்கரம் முடிந்தது. பின்பக்கம் முடிந்தது. கறுப்பு கறுப்பாக வந்தது. முக்காலியை முன்பக்கம் இடது சக்கரத்துக்கு நகர்த்தினாள். அங்கேதான் வெள்ளை அதிகமாக இருந்தது. மெழுகு மட்டுமல்ல, கீறல் எடுக்கிற பேஸ்ட்டும் போட்டிருந்தது. ரப்பருக்கு மசியவில்லை. மெஷினைப் போட்டுச் சூடு காட்டினாள். மெழுகு இளகி வழிந்தது. துணியை ஒற்றி எடுத்தாள்.

துணியில் பச்சை.

திரும்ப ஒற்றினாள். பிளாஸ்டிக்கின் பள்ளங்களில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் கோடு. மேலே இருந்ததை யாரோ தேய்த்து எடுத்திருந்தார்கள். உள்ளே இறங்கியது அப்படியே இருந்தது.

அந்தப் பச்சை இந்தச் சந்தில் எல்லாருக்கும் தெரியும். தறிக்கு அடிக்கிற பச்சை. குடோனில் மிஞ்சிய பெயின்டைக் கண்ணையா தன் சைக்கிளுக்கு அடித்திருந்தார். பார், மட்கார்டு, கேரியர், மணிகூடப் பச்சை.

மெஷினை அணைத்தாள். தறிச்சத்தம் கேட்டது.

புதன்கிழமை பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், நல்ல மழை. நேஹாவுக்கு இளைப்பு வந்துவிட்டது. பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விலா உள்ளே உள்ளே போனது. மூச்சில் இழுக்கிற மருந்து தீர்ந்திருந்தது. ஜெரோம் மொபெட்டை எடுக்கப் போனான். இந்த மழையில் அதில் போக வேண்டாம், பாய் கார் நிற்கிறதே, எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள் அன்புச்செல்வி. அடுத்தவர் வண்டியைக் கொட்டகை தாண்டி ஓட்டுவதில்லை என்பது அவன் வைத்திருந்த கட்டுப்பாடு. அவன் தயங்கினான். அவள்தான் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

அவன் வரத் தாமதமானது. சூலூரில் மருந்து இல்லை, கரணம்பேட்டை வரைக்கும் போனேன் என்றான். அதற்குள் இளைப்புத் தணிந்து பிள்ளை தூங்கிவிட்டாள். அன்புச்செல்வி சோறு போட்டாள். அவன் சாப்பிட்டான். பிறகு பாய் வண்டி வேலை பாக்கி இருக்கிறது என்று கொட்டகைக்குப் போனான். அவன் கொட்டகையில் இருந்தபோதுதான் தறிக்குடோன் பக்கம் சத்தம் கேட்டது. பால் ஊற்றுகிறவர் வாய்க்கால் ஓரம் கண்ணையா அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்திருந்தார்.

"ஏங் கண்ணு, தனியா பேசிட்டிருக்கறே?"

பூவாத்தாள் நின்றிருந்தாள். கண்ணையாவின் மனைவி. குளிக்காத முகம். கையில் வெறும் தூக்குப்போசி. பிள்ளைகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சோறு அன்புச்செல்விதான் ஆக்கிக் கொடுத்தாள். அன்றைக்கு அரிசிம்பருப்பு.

"பேசலீங்க்கா" என்று எழுந்தாள். சோற்றை எடுத்து வர உள்ளே போனாள். போசியில் போட்டு, மேலே நெய் விட்டு, மூடி வெளியே வந்தபோது பூவாத்தாள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பல் பிரஷ் அவள் கையில் இருந்தது.

"பஸ்ஸு வரத்தண்டியும் நானும் சித்தத் தேய்க்கறேன். கை சும்மா இருந்தா வெசனம் எச்சாகுது" என்றாள்.

அன்புச்செல்வி பக்கத்தில் குத்துக்காலிட்டாள். பச்சைக் கோட்டின்மேல் துணியோடு கையை வைத்துக்கொண்டாள். பூவாத்தாள் அதற்கு ஒரு சாண் தள்ளி நுரை போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே பேசினாள்.

கண்ணையா இன்னும் கண் திறக்கவில்லை. தலையில் ரத்தம் கட்டியிருக்கிறது, நாளைக்குத் திறந்து பார்க்கப்போகிறார்கள். ஜெரோம் தம்பி இல்லாவிட்டால் தன் கதி என்ன என்றாள். கூடப்பிறந்தவன் சத்தியமங்கலத்திலிருந்து வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விட்டான். இந்தத் தம்பிதான் ராத்திரி பகல் பார்க்காமல் வராந்தாவில் கிடக்கிறது. தூங்கு என்றாலும் தூங்குவதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"அடிபட்டது பெருசில்லையாம் கண்ணு" என்றாள் பூவாத்தாள். "மழைத்தண்ணில கெடந்ததுதானாம். சித்த முன்னாடி கொண்டாந்திருந்தீங்கன்னான்னு டாக்டரு சொல்றாரு. நா எங்க போயி முன்னாடி கொண்டார? எனக்குத் தெரியுமா?"

அன்புச்செல்வி துணியை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"அடிச்சவன் அடிச்சுபோட்டான். ரோடுன்னா நடக்கறதுதான். எறங்கி, ஏனுங்க, இங்க ஒருத்தரு கெடக்கறாருன்னு கூப்புட்டா ஆகாதா? பத்து எட்டுல குடோனு. கூப்புட்டிருந்தா நானே ஓடியாந்திருப்பேனே."

பிரஷ் அன்புச்செல்வியின் விரலில் வந்து இடித்தது.

"கைய எடு கண்ணு. இந்தப் பக்கம் நாந் தேய்க்கறேன்."

"வேண்டாங்க்கா."

"எடுங்கறேன். ஒனக்குந்தான் நாலு நாளா ரெண்டூட்டு வேலை."

"இந்த எடத்துக்கு பிரஷ் ஆகாதுங்க்கா. பஸ்ஸு போயிரும். போங்க."

பூவாத்தாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிரஷை வாளியில் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்து, போசியைத் தூக்கிக்கொண்டாள். வாசல் வரைக்கும் போய் நின்றாள்.

"சைக்கிளைப் போலீஸ் எடுத்துட்டுப் போயிருச்சு" என்றாள். "அந்தப் பச்சையப் பாத்தா எனக்கு ஆவாது. அசிங்கமா இருக்குதும்பேன். பொழுதோட மணி கேட்டா, கிளி வந்துருச்சு, சோறு போடும்மான்னு புள்ளைக கத்தும். இப்ப அந்தப் பச்சை எங்காவது கண்ணுல பட்டாப் போதும்னு இருக்குது."

பஸ் வந்தது. பூவாத்தாள் ஏறிப் போனாள்.

அன்புச்செல்வி கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போனது. கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழை பெய்தால் மெழுகு திரும்பவும் மறைந்துவிடும் என்று நினைத்தாள். பச்சை மறையாது.

ஜெரோம் மொபெட்டில் வந்தான். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. வண்டியைப் பார்த்ததும் மொபெட்டை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"பாய் வண்டி எதுக்கு வந்துச்சு?"

"வெள்ளை பூத்துருச்சுன்னு."

அவன் இறங்கி வந்தான். "நீ எந்திரி. நாம் பாத்துக்கறேன். போயி சோறு தின்னு."

"டேப் ஒட்டலீங்களா?"

"அவசரத்துல மறந்துபோட்டேன்."

"நீங்க மறக்க மாட்டீங்க" என்றாள். கையை எடுத்தாள்.

அவன் பச்சையைப் பார்த்தான். சுவரோரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்தான். 

"பாப்பாவுக்கு மூச்சு எழுந்துச்சு. நீதான..." என்று தொடங்கி நிறுத்தினான்.

"சாவிய நாந்தான் குடுத்தேன். அதையும் சேத்தே சொல்லுங்க."

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சொன்னான். "எறங்குனேன் செல்வி. எறங்காம வரலே. போன் வெளிச்சத்துல பாத்தேன். குப்புறக் கெடந்தாரு. யாருன்னு தெரியலே. மூச்சு இருந்துச்சு. கையில மருந்து. பாப்பா இங்க மூச்சு முட்டிட்டு நிக்கறதுதான் கண்ணுல இருக்குது. குடுத்துட்டுத் திரும்பி வந்து தூக்கிக்கலாம்னு வந்தேன். வந்தாப் பாப்பா தூங்குது. நீ சோத்தப் போட்டே."

"தின்னீங்க."

"தின்னேன்."

"அப்பறம்?"

"கொட்டாயில லைட்டைப் போடாம டார்ச் அடிச்சுப் பாத்தேன். பச்சை. அப்பத்தான் யாருன்னு தெரிஞ்சுது."

"அப்பவாச்சும் போயிருக்கலாமுங்க."

 அப்போது அவன் மெழுகு டப்பாவைத் திறந்திருந்தான். அது அவளுக்கும் தெரிந்தது. இருட்டில், லைட் போடாமல், வட்டம் வட்டமாக.

உள்ளே நேஹா இருமினாள். அன்புச்செல்வி எழுந்து போய் அவள் நெஞ்சைத் தடவி, வெந்நீர் கொடுத்து, போர்வையை இழுத்துவிட்டு வந்தாள். ஜெரோம் சக்கரத்தின் முன் மண்டியிட்டிருந்தான். பக்கத்தில் தின்னர் பாட்டில் திறந்திருந்தது. துணியை நனைத்து விரலில் சுற்றியிருந்தான். விரல் கோட்டுக்கு அருகில் இருந்தது. இன்னும் தொடவில்லை.

அவள் தடுக்கவில்லை. கதவோரம் நின்றுகொண்டாள்.

"தொடைங்க" என்றாள். "தொடச்சுட்டு நாளைக்கும் ரத்தம் குடுக்கப் போங்க."

அவன் கை அந்தரத்தில் நின்றது. தின்னர் சொட்டித் தரையில் ஒரு வட்டம் விழுந்து காய்ந்தது.

"நா உள்ள போயிட்டா நீ என்ன பண்ணுவே? பாப்பாவ வெச்சுட்டு?"

"தெரியலீங்க."

"தெரியாமத்தான் பேசறியா?"

"நீங்க போகலீன்னா பாய் போவாரு. வண்டி அவரு பேர்ல இருக்குது. காலையில முக்குல நிறுத்திச் சுத்திப் பாத்திருக்காங்க. நாளைக்குச் சீர்த்தட்டோட போறப்ப நிறுத்துவாங்க."

"இதத் தொடச்சுட்டா யாருக்கும் ஒண்ணுமில்லே. பாய்க்கும் இல்லே."

"பூவாத்தாக்கா இப்பத்தான் இங்க உக்காந்து தேச்சுட்டுப் போனாங்க. இந்த முக்காலியில. கை பட்டுருக்கும். நாந்தான் மூடி வெச்சேன்."

அவன் திரும்பி முக்காலியைப் பார்த்தான். ஈரம் இன்னும் இருந்தது.

அவள் அலமாரியிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்தாள். பல்லால் கடித்துக் கிழித்தாள். அவனைத் தள்ளிவிட்டுக் குனிந்து பச்சைக் கோட்டின்மேல் ஒட்டினாள். ஓரத்தைக் கட்டைவிரலால் நீவினாள். இன்னொரு துண்டு குறுக்கே ஒட்டினாள். அவன் நனைத்த துணியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் மிச்சமிருந்த வெள்ளையைத் தேய்க்க ஆரம்பித்தாள். டேப்பைச் சுற்றி, அதன் ஓரம்வரைக்கும், நேர்க்கோடாகத் தேய்த்தாள். கறுப்பு கறுப்பாக வந்தது. நல்ல வேலை. எந்தக் குறையும் சொல்ல முடியாது.

ஜெரோம் எழுந்து தின்னர் பாட்டிலை மூடினான். மூடி திருகில் உட்காராமல் இரண்டு தடவை வழுக்கியது. எடுத்த இடத்தில் வைத்தான். முகம் கழுவினான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான், திரும்ப வைத்தான்.

ரசாக் பாய் மத்தியானத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கையில் ஸ்வீட் பெட்டியும் பத்திரிகையும் இருந்தன. பத்திரிகையை ஜெரோம் கையில் வைத்து, குடும்பத்தோடு வர வேண்டும், பாப்பாவைக் கட்டாயம் கூட்டி வர வேண்டும் என்றார். கண்ணையாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர் பேரைச் சொல்லித் தொழுகையில் துஆ கேட்டதாகச் சொன்னார். கையில் பஞ்சு ஒட்டியிருப்பதைப் பார்த்து ஜெரோமின் தோளைத் தட்டினார்.

பிறகு வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து குனிந்து பார்த்தார். பின்பக்கம் நின்று, "ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரி இருக்குது தங்கச்சி" என்றார். முன்பக்கம் வந்தார். இடது சக்கரத்தின் அருகே நின்றார்.

"இதென்னுங்க, இங்க மட்டும் டேப்பு?"

அன்புச்செல்வி வாளித் தண்ணீரில் கையை அலசிக்கொண்டிருந்தாள். கையை எடுத்தாள். பாயைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

சூலூர் ஏர்ஃபோர்சிலிருந்து ஒரு விமானம் தாழ்வாக வந்தது. தகரம் அதிர்ந்தது. யார் என்ன சொன்னாலும் கேட்காது. அது தலைக்கு மேலே கடந்து, கிழக்கே கறுத்திருந்த மேகத்துக்குள் போய், சத்தம் அடங்குகிறவரை மூன்று பேரும் நின்றிருந்தார்கள்.

ஜெரோம் பத்திரிகையை முக்காலியின்மேல் வைத்தான். ஈரத்தைக் கண்டு எடுத்து, சட்டையில் துடைத்து, மொபெட் சீட்டின்மேல் வைத்தான். மண்டியிட்டு உட்கார்ந்தான். டேப்பின் நுனியை நகத்தால் நெம்பினான். அவள் நன்றாக நீவி ஒட்டியிருந்தாள், எளிதில் வரவில்லை.

"பாய்" என்றான். "புதங்கெழம பொழுதோட உங்க வண்டிய நா எடுத்துட்டுப் போனனுங்க."

ரசாக் பாய்க்குப் புரியவில்லை. சிரித்த முகத்தோடு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவன் காட்டப்போவதைப் பார்க்கக் குனிந்தார்.